வேலி இருந்த காலத்து நிரல்

அந்தக் கணினிக்கு நான் பயந்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எங்கள் அரசாங்கக் கந்தோரில் வெள்ள வாய்க்கால் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. மழை இவ்வளவு பெய்தால் எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் எவ்வளவு வெள்ளம் நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் நிரல் ஒன்று அந்தப் பழைய கணினிக்குள் இருந்தது. போர்ட்ரான் மொழியில் அதை எழுதிய பொறியியலாளர் சண்டைக் காலத்திலேயே காலமாகிவிட்டார். வேறு பிரதி கிடையாது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி இருமிக்கொண்டுதான் எழும்பும். எழும்பும்வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். தூசு படாமல் துவாயால் மூடி வைத்திருந்தேன். "பிள்ளை நித்திரையோ?" என்று கந்தோரில் நக்கலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். அது செத்தால் அவர்களா பதில் சொல்லப் போகிறார்கள்?

ஒருவழியாக நிரலைப் புதுக் கணினிக்கு மாற்றினேன். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. விளங்காத வரிகளைத் தொடவே கை கூசியது. எதைப் பிடுங்கினால் எது விழும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு கணினியிலும் ஒரே மழையைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். விடை ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், பெருமழை வரும் என்றார்கள். எந்த ஒழுங்கைச் சனத்தை மழைக்கு முன்னரே பள்ளிக்கூடத்துக்கு எழுப்பி அனுப்புவது என்பதை, நிரலின் விடையை வைத்துத்தான் தலைமைப் பொறியியலாளர் முடிவெடுப்பார். நீர்வேலியில் என் அக்கா இருக்கும் ஒழுங்கையில் வெள்ளம் நிற்காது என்றது விடை. அந்த நேரம் பார்த்து அக்கா தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சை வெள்ளம் வருமோ? அத்தானைத் தூக்கிறதெண்டால் நாலு பேர் வேணும். தண்ணி வந்தாப்பிறகு நான் ஆரைப் பிடிக்கிறது?"

அத்தானுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார். அசைத்தால் மூச்சுத் திணறும். தேவையில்லாமல் அசைக்க வேண்டாம் என்பது டாக்குத்தரின் கட்டளை.

"வராது எண்டுதான் நிரல் சொல்லுது. பொறுங்கோ அக்கா, இன்னொருக்காப் பாத்துச் சொல்லுறன்."

வாய் சொன்னதை மனம் நம்பவில்லை. விடையை விட்டுவிட்டு நிரலை வரிவரியாக வாசித்தேன். எழுதியவர் தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் பெயர்களாக வைத்திருந்தார்: குளம், கிணறு, ஒழுங்கை. நடுவில் ஒரு வரியில் வேலி. ஒரு வீட்டு வளவுக்குள் விழும் வெள்ளம் வேலிக்குள்ளால் வடிந்து, அடுத்த வளவு, அதற்கடுத்த வளவு என்று போய்க் குளத்தில் இறங்கும் என்பது அவர் கணக்கு. அவர் காலத்துக்குச் சரிதான். அப்போது கிடுகு வேலி, பனைமட்டை வேலி. இப்போது எங்கே வேலி? வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசில் ஒழுங்கை முழுக்க மதில். மதிலுக்குள்ளால் தண்ணீர் எப்படி வடியும்?

தூறலோடு ஸ்கூட்டியில் ஓடினேன். மதில் கட்டும்போது வெள்ளம் போக அடியில் ஓட்டை விடுவது எங்கள் வழக்கம். அந்த நம்பிக்கையில்தான் போனேன். போய்ப் பார்த்தால் ஓட்டைகள் எல்லாவற்றிலும் கல்லும் சீமெந்தும். அக்காவின் மதிலிலும்தான்.

"பாம்பு வருது, அடைச்சனான்," என்றார் அக்கா. "பக்கத்து வீட்டுக் கோழி வேறை வந்து கீரைப் பாத்தியைக் கிண்டுது. எல்லாரும்தானே அடைச்சிருக்கினம்."

என்னத்தைச் சொல்ல? என் வீட்டிலும் பாம்புக்குப் பயம்தான். ஒழுங்கை முடியும்வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். திறந்த ஓட்டை ஒன்றுகூட இல்லை.

கந்தோருக்குத் திரும்பி, ஒரு பிரதியில் அந்த ஒழுங்கைக்கு வேலி வரியை மட்டும் தண்ணீர் வடியாதபடி மாற்றினேன். ஓட்டினேன். அக்காவின் ஒழுங்கையில் இடுப்பளவு வெள்ளம் என்றது.

தலைமைப் பொறியியலாளர் இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் பிழை விடாத சாமான். நீர் ஒரு வரியை மாத்திப்போட்டுச் சனத்தை எழுப்பச் சொல்லுறீர். உம்மடை அக்கா இருக்கிறா எண்டோ?"

"ஓம் சேர், அதாலைதான் திரும்பப் பாத்தனான். ஆனால் ஒழுங்கை முழுக்க மதில் நிக்கிறது உண்மை."

"தண்ணி வராட்டி?"

வேலி வரியை அவருக்கு விரலால் தொட்டுக் காட்டினேன்.

"சரி, அந்த ஒழுங்கையையும் சேரும். உம்மடை பொறுப்பு."

பொழுதுபடுவதற்குள் ஒழுங்கைச் சனம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. அத்தானைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். வழியிலேயே அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. வகுப்பறை நீள வாங்குகளைச் சேர்த்துக் கிடத்தினோம். கண் மூடியபடி, வாய் திறந்தபடி கிடந்தார். அக்கா அவருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். மழை கொட்டியது. ஆனாலும் ஒழுங்கையில் வெள்ளம் ஒன்றும் இல்லை என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "உவ சொல்லித்தானே வந்தனாங்கள்," என்று ஒரு மனுசி எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

தேவையில்லாமல் அசைத்து அத்தானைச் சாகக் கொடுத்துவிட்டேனோ? ஒரு வரியை மாற்ற நான் யார்? பிள்ளையாரே, வெள்ளம் வரட்டும் என்று மன்றாடினேன். வேறு யாருடைய வீட்டுக்குள்ளும் இல்லை, என் அக்கா வீட்டுக்குள் வரட்டும் என்று மன்றாடினேன்.

விடிந்தபோது அத்தானின் மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. ஒழுங்கையைப் பார்க்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் அங்கிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். அக்கா வெகுநேரம் "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வைத்தார்.

"வீட்டுக்குள்ளை இடுப்பளவு தண்ணியாம். யன்னலாலை பாத்தவராம். அத்தான் கிடந்த கட்டில் மிதக்குதாம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடி, சிரிக்கிறாய்?"