ரோஸா தந்த கடலட்டை

போன மாதம் எங்கள் குசினியில் நாலு நாள் எண்ணெய்ப் போத்தல் திறக்கப்படவில்லை. தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை. சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவிய சட்டியில் கறுத்துச் சுருங்கிய கடலட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. எண்ணெய்க் கை பட்டால் கரைந்து கூழாகிவிடுமாம். நான் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினேன். மன்னாரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அட்டையை நாங்கள் அவித்திருக்கிறோம், மணலில் புதைத்திருக்கிறோம், தோல் சுரண்டிக் காயவைத்து வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறோம். எங்கள் ஆட்கள் ஆராவது அதைச் சட்டியில் போட்டு ஆக்கித் தின்றதைக் கண்டிருக்கிறீர்களா?

தந்தவள் ரோஸா. சீனாக்காரி. அந்தப் பெயர் இத்தாலிக்கு வந்தபிறகு வைத்துக்கொண்டது, சொந்தப் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையாது. பலெர்மோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே உடுப்புக்கடை வைத்திருக்கிறாள். என் மனைவி மலருக்கு வயிற்றில் புற்றுநோய்க் கட்டி எடுத்தபின் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவையோடு இரத்தம் இறங்கிவிட்டது. இரத்தம் ஏறி உடம்பு கொஞ்சம் தேறினால்தான் அடுத்ததை ஏற்றலாம், அதை அதிகம் தள்ளிப்போடவும் கூடாது என்று தொத்தோரெஸ்ஸா, எங்கள் டொக்டர் அம்மா, முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். மலருக்கோ ஒன்றும் தங்கவில்லை. கஞ்சி குடித்தால் சத்தி, மாதுளம்பழச் சாறு குடித்தால் சத்தி. பல்லரோச் சந்தையில் அலைந்து வாங்கி வந்த முருங்கைக்கீரையை மணந்த உடனேயே குளியலறைக்கு ஓடினாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். பிறகு கதவுக்கு வெளியே நின்று அழுவேன்.

அந்த நேரத்தில்தான் ரோஸா ஒரு பொட்டலத்தோடு மேலே வந்தாள். தான் பிள்ளை பெற்றபோது தன் தாய் சீனாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மருந்தின் மிச்சமாம். "மாஞ்சாரே, சங்குவே" என்றாள். தின்னட்டும், இரத்தம் ஊறும் என்கிறாள். பிரித்ததும் நான் பின்னால் போய்ச் சுவரோடு முட்டிக்கொண்டேன். வெள்ளை அட்டை. எத்தனை ஆயிரத்தை இந்தக் கையால் புரட்டியிருப்பேன், காய்ந்து கறுத்துக் கிடந்தாலும் தெரியாமல் போகுமா? ரோஸா நான் அருவருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்குத் தெரிந்த ஓட்டை இத்தாலியனில், அட்டையைக் காட்டி, "மியோ ஃப்ரதெல்லோ, மோர்த்தோ" என்றேன். என் தம்பி, செத்துப்போனான். பாவம், அவள் வெலவெலத்துப் போனாள். தம்பி இதைத் தின்று செத்தான் என்று விளங்கிக்கொண்டாள்! "நோ, நோ வெலேனோ!" என்று நஞ்சில்லை என்பதற்குச் சாட்சியாக அந்தக் கல்லுப்போன்ற அட்டையைப் பல்லில் வைத்துக் கடித்தும் காட்டினாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

தம்பி சேவியரும் நானும் மன்னாரில் ஒரே போட்டில் போய் அட்டைக்கு முழுகினோம். காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குவது. கரையோரத்து அட்டையெல்லாம் முடிந்து, ஆழத்துக்குப் போகவேண்டி வந்த காலம். எத்தனை தரம் இறங்கலாம், எவ்வளவு மெதுவாக ஏறவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆர் இருந்தார்கள்? அன்றைக்கு மத்தியானம் அவன், "அண்ணை, களைக்குது" என்றான். "இன்னும் ஒருக்கா இறங்கடா, கீழை வெள்ளை அட்டையாக் கிடக்குது" என்று நான்தான் அடுத்த சிலிண்டரை அவன் முதுகில் கட்டிவிட்டேன். ஏறி வந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே விறைத்துப்போயிற்று. திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கினால் சரிவரும் என்றார்கள், இறக்கியும் பார்த்தோம். அவன் பிறகு நடக்கவே இல்லை. கைக்குழந்தையாக இருந்த மகனைத் தூக்கி அவன் மடியில் வைத்தால், அது மூத்திரம் பெய்வதுகூட அவனுக்குத் தெரியாது. முதுகு புண்ணாகி, இரண்டு வருடத்தில் போய்விட்டான். அந்தச் சாமானைத் தின்கிற சீமான்களை அன்றிலிருந்து நான் திட்டாத நாளில்லை. மருந்தாம், மண்ணாங்கட்டியாம்!

நாலாம் நாள் இஞ்சி போட்டு அவித்துச் சூப் வைத்தேன். மலர் யாழ்ப்பாணம் ரவுணில் வளர்ந்தவள், அட்டையை முன்பின் கண்டதில்லை.

"என்னப்பா இது?"

"ரோஸா தந்த சீன மருந்து. ஒரு வாய் குடியும்."

குடித்தாள். கோப்பை முடிந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிற்று, சத்தி வரவில்லை. "இஞ்சாருங்கோ, இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று அவள் கேட்டபோது, இவ்வளவு காலமும் பொய்யென்று ஏசிய சாமான் மெய்யான மருந்தாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். அடுத்த சோதனையில் இரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. மலர் எதைச் சாப்பிடுகிறாள் என்று தொத்தோரெஸ்ஸா கேட்க, நான் பயத்தில் மீன் சூப் என்றேன். சாப்பாடு தங்குகிறதே, அதுதான் பெரிய காரியம், விடாமல் கொடுங்கள் என்றார்.

விடாமல் கொடுக்க எங்கே போவது? பொட்டலம் முடிந்துவிட்டது. நான் மீன் வெட்டுகிற சாப்பாட்டுக்கடை ஸ்ஃபெர்ராகவால்லோக் கரையில் இருக்கிறது. அங்கே வலையில் வருகிற அட்டையை ஒரு கிழவர் காறித் துப்பிக் கடலில் எறிவார். எனக்குத் தாருங்கள் என்றேன். தூண்டிலுக்கு இரையாக்கக் கேட்கிறேன் என்று நினைத்து, அதைப் பிடிப்பதே சட்டவிரோதம், பொலிஸ் வரும் என்று விரட்டினார். இந்தக் கடலில் வருகிற அட்டை கூடாது என்று ரோஸாவும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என் நெஞ்சில் விரலை வைத்து, "ஸ்ரீ லங்கா" என்றாள்.

சூசைக்கு ஃபோன் எடுத்தேன். என்னோடு முழுகியவன், இப்போது சொந்தமாகப் போட் வைத்திருக்கிறான்.

"அட்டையோ? நீயோடா மச்சான் கேக்கிறாய்?" என்றான். காரணத்தைச் சொன்னேன். அவன் உடனே ஒத்துக்கொண்டான். "ஊருக்கு வந்து போற ஆரிட்டையும் குடுத்து விடுறன். சேவியற்ற மோன்தான் இப்ப எங்கட போட்டிலை முழுகிறான். பெரியப்பாவுக்கெண்டா நல்லதாப் பாத்து எடுப்பான்."

தம்பியின் மகன் மன்னார் ரவுணில் ஃபோன் கடையில் வேலைக்கு நிற்கிறான் என்றுதான் அவன் தாய் எனக்குச் சொல்லியிருந்தாள்.

"ஆழத்துக்கோ சூசை?"

"ஆழத்துக்குப் போகாமல் இப்ப எங்கையடா அட்டை?"

ஒரு காதில் மன்னார்க் கரைக் காற்று இரைந்தது. மற்றக் காதில், அடுத்த அறையிலிருந்து மலர், "ஆரப்பா? கிடைக்குமாமோ?" என்று கேட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலில் ஒரு ஆசை. அவனை இறக்காதே, அவன் தாயிடம் அனுப்பு என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. சத்தியமாக வந்தது.

"எப்ப இறங்குறான்?" என்று சூசையிடம் கேட்டேன்.