செக்பொயின்ட்டில் பாடியவர்

வத்தேகமயிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸை இன்று மத்தியானம் செக்பொயின்ட்டில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கினார்கள்.

என் பையில் ரெக்கோடர். அதற்குள் தேயிலைத் தோட்டத்தில் பதிவு செய்த காமன் கூத்து முழுவதும்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார் ஆமிக்காரர்.

கூத்தைப் போட்டுக் காட்ட நினைத்தேன். தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

"சத்தமே வரல்லயே! எல்லாத்தையும் அழி!" என்று கத்தினார்.

அவசரமாக அடுத்த பொத்தானை அமுக்கினேன். அவர் கத்தியதே திரும்பக் கேட்டது.

அவர் முகம் சுருங்கியது. "என் குரல் இப்படியா?"

"கிட்ட வந்து மெதுவா பேசினா நல்லா வரும், சேர்."

துவக்கைத் தோளில் மாட்டி, தொண்டையைச் செருமி, ஒரு சிங்களப் பாட்டையே பாடிவிட்டார்.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா முணுமுணுத்தார்: "நல்லாத்தான் பாடுறாரு. பஸ்ஸு போயிரும்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

ஆமிக்காரர் ரெக்கோடரை வாங்கித் தன் பாட்டைக் கேட்டார், சிரித்தார், அதை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். கூத்தில் ஒரு நொடிகூட அழியவில்லை!

ஒரே ஒரு சிக்கல். என் அடையாள அட்டையைப் பார்த்து அவர் என் பெயரை எழுதிக்கொண்டார். அவர் பெயரைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

என் பதிவுக் குறிப்பேட்டில், பாடியவர் பெயர் என்ற இடத்தில் என்ன போடட்டும்?