கவிழ்த்து வைத்த செல்போன்

ஆசிரியர் அறையில் அறிவியல் சாரின் செல்போன் எப்போதும் கவிழ்ந்தேதான் கிடக்கும். மற்றவர்களின் போன்கள் மேசைமேல் மல்லாந்து ஒளிர்ந்துகொண்டும் அதிர்ந்துகொண்டும் இருக்க, அவருடையது மட்டும் பாடக்குறிப்பேட்டின்மேல் முகம் புதைத்துக் கிடக்கும். மறைக்க ஒன்றுமில்லாத மனிதர் போனை ஏன் கவிழ்த்து வைக்க வேண்டும்? பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலை தெரியும் தூரத்திலிருக்கும் அந்தப் பள்ளியில் அது எனக்குப் பதினோராவது ஆண்டு. தமிழாசிரியை. அவர் மாற்றலாகி வந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். மதியம் சாப்பாட்டு டப்பாவை அவசரமாகக் காலிசெய்துவிட்டு ஆய்வகத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். போனை வாய்க்கு நேராகப் பிடித்துத் தணிந்த குரலில் ஏதோ சொல்வார். பிறகு காதில் வைத்துக் கேட்பார். கேட்டதையே இரண்டு மூன்று தடவை கேட்பார். சில நாள் சிரிப்பார். கட்டுரை நோட்டுத் திருத்தியபடி சன்னல் வழியே இதையெல்லாம் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். செய்தித்தாளைப் பிரித்தால் என்னென்ன கண்ணில் படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆசிரியர்மேல் கண் வைத்ததைத் தவறென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. தவறு அதற்குப் பிறகு நடந்தது.

ஒருநாள் யாரோ மாணவன் விழுந்து அடிபட்டுக்கொண்டான் என்று ஓடியவர் போனைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போய்விட்டார். பார்க்கக்கூடாதுதான். பார்த்தேன். வாட்ஸ்அப் உரையாடல். மேலே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள், வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதிகம். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். படிப்பு ஏறாத பிள்ளை என்று முடிவுகட்டி அவளைக் கேட்பதையே நான் விட்டிருந்தேன். அங்கிருந்தும் இங்கிருந்தும் வரிசையாகக் குரல் செய்திகள். நடுவில் அவர் எழுதிய இரண்டு வரிகள் மட்டும். ‘இன்னொரு தடவை அனுப்பு. உன் குரலைக் கேக்கணும்.’ ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாத.’

நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். அவர் நிதானமானவர். அறிவியல் சாரை அழைத்து, என் முன்னாலேயே கேட்டார்.

“அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தெரியும் சார். அவங்க போன்தான் அது,” என்றார் அறிவியல் சார்.

“அப்படி என்னதான் பேசறீங்க?”

“அத அந்தப் பொண்ணுதாங்க சார் சொல்லணும். வெளிய சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

ஒரு முறைகூட என் பக்கம் திரும்பவில்லை. கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. அந்த அமைதியே எனக்குக் குற்றத்தின் சாயலாகத் தெரிந்தது. அந்த அம்மாவை விசாரிக்கும்வரை செய்தி எதுவும் அனுப்பக்கூடாது, வருவதைத் திறக்கவும் கூடாது என்றார் தலைமையாசிரியர். விசாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

நான் போகவில்லை. இன்றைக்கு விடைத்தாள், நாளைக்குக் கூட்டம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மதியங்களில் அவர் எங்கும் எழுந்து போகாமல், சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. மாட்டிக்கொண்டார் என்ற திருப்தி. போய்க் கேட்டால் அது போய்விடக்கூடும் என்று உள்ளுக்குள் எங்கோ தெரிந்திருக்க வேண்டும். இதற்கிடையில் அந்தப் பெண் பள்ளிக்கு வருவதை அடியோடு நிறுத்திவிட்டாள். அது தெரிந்த அன்று, “நீங்க அந்தம்மாவப் பாத்தீங்களா இல்லீங்களா டீச்சர்?” என்று தலைமையாசிரியர் கேட்டபோது பன்னிரண்டு நாள் கடந்திருந்தது.

அன்று சாயங்காலமே போனேன். வாசலில் அவள் அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். சிறு சுத்தியலால் ஒரு தட்டு, கொட்டை ஒரு பக்கம், சுளை ஒரு பக்கம். கணவர் பெங்களூரில் கட்டட வேலை. பள்ளியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வூட்டுக்குள்ள வாங்க டீச்சர். சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? பேச்சு மூச்சே காணோம்.”

“அவர் உங்க பொண்ணுகிட்டப் பேசறது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமங்களா? மொதல்ல எனக்குத்தானுங்க போன் பண்ணிக் கேட்டாரு. அதுக்குப் பேச்சு திக்குமுங்க. வகுப்புல ஒருக்கா வாசிக்கறப்போ டீச்சரு என்னமோ சொல்லி, எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சிடுச்சிங்களாம். அதுலருந்து வாயே தொறக்கறதில்ல. சாருதான், போன்ல பேசி அனுப்பு, சரியா வரலைன்னா அழிச்சிட்டு மறுக்காப் பேசு, யாரும் பாக்கமாட்டாங்கன்னு சொன்னாரு.”

புளிக்கறை படிந்த போனை என் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். முதல் செய்தியில் ‘ஒளிச்சேர்க்கை’ என்ற ஒரு சொல்லின் வாசலிலேயே அந்தக் குரல் நின்று முட்டிக்கொண்டிருந்தது. போகப்போகத் தெளிந்தது. கடைசிச் செய்தி, தலைமையாசிரியர் அவரை அழைத்துப் பேசிய நாளுக்கு மறுநாள் அனுப்பியது. நான் நடத்திய உரைநடைப் பாடத்தின் முதல் பத்தி. இரண்டே இடத்தில்தான் தடங்கல். முடித்துவிட்டுச் சொல்கிறாள்: “சார், இத த... தமிழ் டீச்சர் வகுப்புல வா... வாசிச்சுக் காட்டட்டுங்களா?”

அதற்குப் பதில் போகவில்லை. பதில் வந்தால்தான் பள்ளிக்குப் போவேன் என்று நான்கு நாள் காத்திருந்துவிட்டுப் புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டாளாம்.

“புள்ளைங்கள சிரிக்க வெச்சது எந்த டீச்சருங்க?” என்று அந்த அம்மா கேட்டார். எனக்கு நினைவு வந்துவிட்டது. ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்று கேட்டிருந்தேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். “நான்தாங்க,” என்றேன். அவர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உள் கதவுக்குப் பின்னால் ஒரு கொலுசுச் சத்தம் நகர்ந்தது. அவள் வெளியே வரவேயில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் இனி எதுவும் தனிப்பட்ட செய்தியாக வேண்டாம் என்று அம்மா, அறிவியல் சார், நான் எல்லோரும் உள்ள ஒரு குழுவைத் தொடங்கச் சொன்னார். நியாயமான ஏற்பாடு. அறிவியல் சாரும் தலையாட்டினார். அம்மாவை விசாரிக்கும்வரை பேசக்கூடாது என்றிருந்ததால்தான் பதில் தாமதமானது என்று அவளுக்குக் குரல் செய்தி அனுப்பினார். என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வாரம் அவளிடமிருந்து சத்தமில்லை. பார்த்ததற்கான நீலக்குறி மட்டும் விழும். யாரை அவள் நம்பவில்லை என்பது எனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆனது. எனக்குப் பதிலாக அவள் வகுப்பாசிரியையைச் சேர்க்கச் சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினேன். அன்று பிற்பகலே அவள் பேசினாள் என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கும் வந்தாள். பத்தாம் வகுப்புத் தேறினாள். என் வகுப்பில் மட்டும் கடைசிவரை வாசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறிவியல் சார் இப்போது பாலக்கோடு பக்கம் வேலை பார்க்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, “பரவால்லீங்க டீச்சர்,” என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

போன மாதம் அந்தப் பெண்ணைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். தருமபுரியில் கல்லூரிக்குப் போகிறாள். கண்டக்டரிடம் திக்கித் திக்கியே, கொஞ்சமும் கூசாமல் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அருகில் வந்தாள். நலம் விசாரித்தாள். பிறகு ஒரு சொல்லில் நின்றாள். என்ன சொல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன்.

“நீங்க ஏ... ஏனுங்க டீச்சர், அன்னைக்கே வந்து எங்கம்மாகிட்டக் கேக்கல?”

“வேலை அதிகம்மா,” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை.