கோழியில்லாத கூடும் குளிராத அறையும்

கண்டியில் வீட்டுக்கு ஏசி பூட்டியவனை அந்த நாட்களில் ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும். தை மாதத்தில் விடிய எழும்பிக் குளிப்பதற்கு ஆம்பிளைகளே அழுகிற ஊர் அது. அங்கே, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தட்டில் இருந்துகொண்டு, அரசாங்க அலுவலகத்தில் கணக்கெழுதிச் சீவிக்கும் யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஏசி வாங்கினான். அது நான்தான். வெக்கைக்காக வாங்கவில்லை. மாமாவின் காதுக்காக வாங்கினேன்.

மாமா என்றால் மனைவியின் தகப்பனார், ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். ரயில் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பேசியே பழகியவர். கடைசியில் காது போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, பயண அனுமதிப் பாஸுக்கு அலைந்து, வவுனியாவில் காத்துக் கிடந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். அவருடைய சின்ன மகள் பிள்ளைகளோடு வன்னிக்குள், மாங்குளத்துக்குக் கிட்ட ஒலுமடுவில் அகப்பட்டுப் போனாள். கடிதம் நின்று மாதக்கணக்காகிவிட்டது. ஆகையால் பின்னேரம் வெளிநாட்டு வானொலியில் வரும் தமிழ்ச் செய்தியை அவர் கேட்டே ஆகவேண்டும். முழுச் செய்தியும் தேவையில்லை, ஊர்ப்பெயர்கள் போதும். ஒலுமடு என்ற சொல் வராவிட்டால் சாப்பிடுவார். வந்தால் சாப்பிடமாட்டார். செய்தியையே கேட்கமுடியாமல் போனாலும் சாப்பிடமாட்டார்.

காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். தன் காதுக்குள் இருந்துகொண்டு இன்னொருவன் விசிலடிப்பதா என்று கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். அதனால் வானொலியை முழுச் சத்தத்தில் வைக்கவேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. செய்தி வாசிக்கிறவர் மூச்சு விடுகிற இடைவெளியில் எல்லாம் “எவ்விடத்திலை ஷெல்லாம்? எத்தினை பேராம்?” என்று மாமா என்னைக் கேட்பார். ரயில் மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கிற குரலில் கேட்பார். நானும் அதே குரலில் பதில் சொல்லாவிட்டால் அவருக்கு விளங்காது.

மேல்மாடியில் வீட்டுக்கார நோனா இருந்தார். சிங்களப் பெண்மணி, கணவன் இல்லாதவர், ஒரே மகன் இராணுவத்தில். சீருடையில் அவன் எடுத்த படம் அவருடைய முன்னறையில் பெரிதாகத் தொங்கியது. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் நான் அந்தப் படத்துக்கு முன்னால் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் நிற்பேன். நோனா ஒருநாளும் எங்களை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் எங்களுக்குப் பயத்தைத் தந்தது. அவர் கொக்கிஸ் பலகாரம் சுட்டுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தந்தால், அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, என்ன அறிய வந்தாரோ என்று நானும் மனைவியும் இருந்து ஆராய்வோம்.

ஆகவே செய்தி நேரத்தில் யன்னல்களைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, கதவின் கீழ் நீக்கலில் நான் உடுத்துக் கிழிந்த பழைய சாரத்தைச் சுருட்டி வைத்தோம். கண்டி எவ்வளவு குளிரான ஊராக இருந்தாலும், அப்படி அடைத்த அறைக்குள் மூன்று பேரும் ஒரு வானொலியும் இருந்தால் அது பாண் சுடுகிற போறணைதான். மாமாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு. ஒருநாள் செய்தியின் நடுவில் கதிரையிலேயே சரிந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, “ஒலுமடு சொன்னவனோ?” என்று கேட்டார். அடுத்த வாரமே, மூடப்பட்ட கணினி வகுப்பொன்றிலிருந்து பாவித்த ஏசி ஒன்றை வாங்கிவந்து பூட்டினேன். இழுப்புக்காரருக்கு டொக்டர் சொன்ன வைத்தியம் என்று நோனாவிடம் சொன்னேன். பாவம் சீயா, வயதான மனுசன் என்று அவர் சுவரில் துளைபோட அனுமதித்தார்.

எங்கள் வாழ்க்கையிலேயே அப்படியொரு சொகுசை நாங்கள் அனுபவித்ததில்லை. மனைவி போர்வையும், மாமா குரங்குத் தொப்பியும், நான் ஸ்வெட்டருமாக உட்கார்ந்து யுத்தச் செய்தி கேட்டோம்.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் யாருக்கும் சந்தேகம். சந்தி ஓட்டோக்காரர் ஒருநாள் என்னை இறக்கிவிட்டு, சுவரோரம் நின்ற ஏசியின் வெளிப்பெட்டியைக் காட்டி, அது என்ன சாமான், பின்னேரத்தில் இரைகிறதே என்று கேட்டார். அவர் சும்மாதான் கேட்டார். ஆனால் எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்கும் நித்திரை இல்லை. “இஞ்சை கண்டியிலை தமிழன் ஏசி வைச்சிருக்கிறான் எண்டா ஆரப்பா சும்மா விடுவினம்?” என்றாள் மனைவி. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பார்கள், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். நான் படித்தவன் அல்லவா, உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன். பலகை, தகரம், சாக்கு எல்லாம் சேர்த்து அந்தப் பெட்டியைச் சுற்றி ஒரு கோழிக்கூடு அடித்தேன். சாக்கை மூன்று பக்கமும் இறுக்கி ஆணியடித்தேன். தெருவிலிருந்து பார்த்தால் அசல் கோழிக்கூடு. கோழி மட்டும் இல்லை.

அந்தக் கிழமையே ஏசி குளிர்வதை நிறுத்தியது. காற்று வந்தது, ஆனால் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் விடுகிற மூச்சுப் போல வந்தது.

வீட்டில் எல்லோரும் இயந்திர நிபுணர்களானோம். மனைவி ரிமோட்டின் பற்றரியை மாற்றினாள், பிறகு சுவாமிப் படத்துக்கு முன்னால் சற்று நேரம் வைத்தும் எடுத்தாள். மாமா வோல்ட்டேஜைக் குறை சொன்னார், பிறகு மின்சார சபையை, பிறகு அரசாங்கத்தை. நான் முன்மூடியைத் திறந்து உள்வலையைக் கழற்றிக் கழுவினேன். அதிலிருந்து கணினி வகுப்பின் சோக்குத்தூள் பாதி போனது. மனதுக்குத் திருப்தியாக இருந்தது, அறை குளிரவில்லை.

அலவத்துகொடையிலிருந்து ஒரு ஏசி மெக்கானிக்கை வரவழைத்தேன். நல்ல மனுசன், ஆனால் ஊரெல்லாம் வேலைசெய்கிறவர், கடைகடையாகக் கதைக்கிறவர். ஏசிக்குக் கோழிக்கூடு கட்டியவனின் கதை அக்குறணையிலிருந்து வத்தேகம வரை போய்விடும் என்ற பயத்தில், அவர் வருவதற்கு முன் கூட்டை மெதுவாகத் தூக்கிக் கிணற்றடியில் வைத்தேன். அவர் வந்தார், காஸ் மானியைப் பொருத்தினார், தலையை ஆட்டினார்.

“காஸ் கொஞ்சம் கொறவு சேர். அடிச்சிட்டேன். இப்பப் பாருங்க, ஐஸ் மாதிரி வரும்.”

உண்மையாகவே ஐஸ் மாதிரி வந்தது. அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, கூட்டைத் தூக்கிவந்து பழைய இடத்தில் இறுக்கமாக வைத்தேன். பின்னேரம் செய்தி தொடங்க அறை மறுபடியும் போறணையானது.

அடுத்த தடவையும் அப்படித்தான். அவர் வருவதற்கு முன் கூட்டை எடுத்தேன், அவர் இருக்கும்வரை ஏசி குளிர்ந்தது, போனபின் கூட்டை வைத்தேன், ஏசி படுத்துவிட்டது. அந்த மனுசனுக்குத் தன் தொழில்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. மாமா, சில ரயில் என்ஜின்களும் இன்ஸ்பெக்டர் வந்தால்தான் ஒழுங்காக ஓடும் என்று ஆறுதல் சொன்னார். இதை வாசிக்கிறவருக்குக் கோளாறு எங்கே என்று எப்போதோ பிடிபட்டிருக்கும். எங்கள் வீட்டில் பயத்துக்கு மூளையை வாடகைக்கு விட்டிருந்தபடியால் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

மாமாவின் இழுப்பு கூடியது. வேறு வழியில்லாமல் செய்தி நேரத்தில் யன்னலை ஒரு சாண் திறந்துவைத்தோம். சத்தத்தைக் குறைத்தால் அவர் எழுந்துவந்து கூட்டிவிடுவார். ஒவ்வொரு பின்னேரமும் மேல்மாடியில் நோனாவின் செருப்புச் சத்தம் எங்கள் யன்னலுக்கு நேர் மேலே வந்து நிற்பதைக் கேட்டேன். செய்தி முடியும்வரை அது அந்த இடத்தைவிட்டு அசையாது. இனி இந்த வீட்டில் இருக்கமுடியாது என்று மனைவி பெட்டிகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் பொலிஸ் வந்தது. அந்த வீதி முழுவதும் சோதனைதான், எங்களுக்காக வரவில்லை. ஆனாலும் நான் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டேன். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள், அலுமாரியைக் கிண்டினார்கள். வானொலியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். போகும்போது சார்ஜன்ட் கோழிக்கூட்டுக்கு முன்னால் நின்றார். கோழிகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். விற்றுவிட்டோம் என்று சொன்னேன். விற்ற கோழிகள் எப்படி இரைகின்றன என்று கேட்டார். உள்ளே மாமா ஏசியைப் போட்டுவிட்டிருந்தார்.

அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல இடமிருக்கவில்லை. ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்ட, பலகை கழன்றது, சாக்கு கிழிந்தது, தகரம் வாசல் படலையடியில் போய் விழுந்தது. உள்ளே அடைபட்டுக் கிடந்த சூடெல்லாம் சார்ஜன்டின் முகத்தில் அடித்தது. இதற்குள் மாடியிலிருந்து நோனா இறங்கிவந்து, அது ஏசி, சீயாவுக்கு இழுப்பு, நல்ல சனங்கள் என்று எங்களுக்காகப் பேசினார். சார்ஜன்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை இனி மூடினால் பொலிஸுக்கு வரவேண்டியிருக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். நான் உள்ளே வந்தபோது மாமா குரங்குத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். அறை ஜில்லென்று இருந்தது. இலங்கைப் பொலிஸ் காசு வாங்காமல் ஏசி திருத்திக் கொடுத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கவேண்டும்.

அன்று பின்னேரமே யன்னல்களைச் சாத்தினோம், கம்பளியைத் தொங்கவிட்டோம், சாரத்தைச் சுருட்டினோம். மாமா முழுச் சத்தத்தில் செய்தி கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாளும் சாப்பிட்டார். எனக்கு ஊரையே வென்ற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள், செய்தி தொடங்கப்போகும் நேரத்தில், கதவு தட்டப்பட்டது. நோனா நின்றார். கையில் தட்டு ஒன்றும் இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

“மஹத்தயா, நியூஸ் நேரத்தில் அந்த யன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கமுடியுமா?”

எனக்கு விளங்கவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார். மகனிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம். சிங்களச் செய்தியில் வெற்றி என்று மட்டும் சொல்கிறார்கள், எந்த இடம் என்று சொல்வதில்லை. எங்கள் வானொலியில் ஊர்ப்பெயர் சொல்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மகன் நிற்கும் இடத்தின் அந்த ஒரு பெயர் மட்டும் காதில் பிடிபடும். யன்னலைச் சாத்தியதிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

“தம்பி, என்னவாம்?” என்று மாமா உள்ளேயிருந்து கத்தினார். சொன்னேன். தெருவுக்கே கேட்கத்தான் சொன்னேன்.

“பெடியன் எவ்விடத்திலையாம்?”

“மாங்குளம், மாமா.”

 மாமா எழும்பிப் போய்க் கம்பளியை இழுத்துப் போட்டு, யன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். தன் கதிரையை நோனாவின் பக்கம் தள்ளிவிட்டுத் தான் கட்டிலில் உட்கார்ந்தார். நோனா உள்ளே வந்து அதில் உட்கார்ந்தார். மனைவி ஏசியை நிறுத்தினாள்.

செய்தி தொடங்கியது. மூன்றாவதாகவோ நாலாவதாகவோ மாங்குளம் என்ற பெயர் வந்தது. அதற்குப் பின்னால் ஒலுமடுவும் வந்தது. அலைவரிசை இரைச்சலில் மற்றச் சொற்களை மாமாவால் பிடிக்கமுடியவில்லை. நோனாவுக்கு அவை விளங்கவில்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.  சண்டை நடக்கிறது, சேதம் கடுமை, விபரம் இன்னும் தெரியவில்லை என்று மாமாவுக்குத் தமிழில் உரத்துச் சொன்னேன். நோனாவுக்கு அதையே சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன்.

நோனா எழும்பிக் கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனார். அன்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் சாப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

“நாளைக்கும் வரச்சொல்லும்,” என்றார் மாமா. நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் குரலிலேயே நோனாவுக்கு விளங்கியது.