அன்னாசி மயிலும் தயிர் பச்சடியும்

மறைமலைநகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் பச்சடி, சாலட் செக்ஷனுக்குச் சேர்ந்தேன். என் பொறுப்பில் வந்த முதல் கல்யாணத்தில் நடந்தது இது.

பெண்ணின் அப்பா மெனு பேச வந்தபோது, சுட்ட அன்னாசித் தயிர் பச்சடியைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டார். பிரியாணி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, இது மட்டும் குறையக் கூடாது என்று சொல்லிப் போனார். அது குறைந்தால் என் வேலை நிரந்தரம் ஆகாது என்பதை எங்கள் செஃப் குமரேசன் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

பச்சடி செய்வது சுலபம். அன்னாசியை வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூளும் துளி சர்க்கரையும் தடவி, கிரில்லில் கோடு விழும்வரை சுட வேண்டும். நன்றாக ஆறிய பிறகே கெட்டித் தயிரில் சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் தயிர் திரிந்துவிடும். கடைசியில் உப்பு, வறுத்த சீரகத்தூள்.

கல்யாணத்தன்று கிச்சன் அனலாகக் கொதித்தது. செஃப் யோசனை சொன்னார்: "மேரி, ஹால்ல ஏசி ஓடிக்கினு கீது. டிரேயெல்லாம் அங்க வை, சீக்கிரம் ஆறிடும்."

வைத்துவிட்டுத் தயிர் கடையப் போனேன். திரும்பி வந்தால் டிரேக்களில் சாறு மட்டும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பல்குச்சியும் கையுமாக நின்றார்கள். ஸ்டார்ட்டர் பிரமாதம், இன்னொரு ரவுண்டு வருமா என்று ஒருவர் கேட்டார்.

ஸ்டோரில் ஒரு அன்னாசிகூட இல்லை. இருந்ததெல்லாம் வரவேற்பு மேசையில், மயில்களாக. முழு அன்னாசி உடம்பு, குச்சியில் செருகிய கேரட் கழுத்தும் தலையும், இலைக்கொத்தே தோகை. செஃப் கண்ணாலேயே காட்டினார். நான் போய் ஒரு மயிலைத் தூக்கினேன்.

அதன் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றிருந்த மாப்பிள்ளையின் அப்பா மறித்தார். "இன்னாம்மா, மயில எங்க தூக்கினு போற?"

"கழுத்து ஆடுது சார். சரி பண்ணி எடுத்தாரேன்."

மனுஷர் நம்பிவிட்டார். மற்ற மயில்களின் கழுத்தையும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டியதில் எல்லாமே ஆடின. இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டு என் பின்னாலேயே கிச்சனுக்குள் வந்துவிட்டார். அங்கே செஃப், நான் கொடுத்த மயிலின் தலையை ஒரே வெட்டாக வெட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா முகம் போன போக்கைப் பார்த்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். உங்கள் ஆட்கள்தான் சாப்பிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கக்கத்திலிருந்த மயில்களை மேசையில் வைத்தார். பிறகு, "பிரியாணிக்குத் தொட்டுக்கவா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"அப்ப இன்னா பாத்துகினு நிக்கிற? தோல சீவு."

மீதி மயில்களையும் வரவழைத்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, இடுக்கியோடு கிரில் முன்னால் நின்றுவிட்டார். அவரை வெளியே அனுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்த முறை பழம் கிச்சனிலேயே, மின்விசிறிக்குக் கீழே, என் கண்ணெதிரே ஆறியது.

பந்தியில் பெண்ணின் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, அன்றைக்குச் சாப்பிட்டதைவிட இது நன்றாக இருக்கிறதே என்றார். பக்கத்து இலையிலிருந்து சம்பந்தி நெஞ்சை நிமிர்த்தினார். "நான் சுட்டது, சம்பந்தி."

பெண்ணின் அப்பா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பச்சடி வைக்கச் சொன்னார்.

இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழம் ஆறும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கல்யாண ஹாலில் தட்டில் இருப்பது எதுவானாலும், பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டார்ட்டர்தான்.