லெஃப்ட்ல வரலைப்பா

சால்டரிங் வைக்கும்போது ரெசின் உருகும் புகைக்குச் சாம்பிராணியும் இல்லாத, தாரும் இல்லாத ஒரு நடுவாந்திர மணம் உண்டு; நான் ஒன்பதாவது முடித்திருந்த அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றில், துவைத்த துணியில், தலையணையில்கூட அந்த மணம்தான் இருந்தது. கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் ஒருவர் ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும், அதனால் கடைசி இரண்டு வாரம் அவர் வீட்டு வாசலில் கட்டிலும் பீரோவும் பூந்தொட்டிகளும் "வேணுங்கறவங்க எடுத்துக்கங்க" என்கிற மாதிரி வரிசையாக நிற்கும். அப்படி ஒரு வாசலிலிருந்துதான் அப்பா அந்தப் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டுச் சாமான். முன்பக்கம் வெள்ளித் தகடு, கனமான குமிழ்கள், கூடவே காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று. ஸ்பீக்கர் கிடையாது. "மொதல்ல இது பேசட்டும், ஸ்பீக்கர் பெறகு பாத்துக்கலாம்" என்றார். ஆகையால் அது என்ன பேசினாலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கேட்கும்.

கேட்டதும் பாதிதான். வலது பக்கம் பாடியது, இடது பக்கம் ஊமை. அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, திறந்து பார்க்க ஒரு சாக்குக் கிடைத்த சந்தோஷம். ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் சாப்பாட்டு மேஜையில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் அதைக் கவிழ்த்துவிடுவார். நேராகக் கரண்ட் கொடுக்கமாட்டார், நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டித்தான் கொடுப்பார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இல்லாவிட்டால் மங்கிப்போகும். அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் வேலை. அப்பா சொல்லி நான் நிற்கவில்லை. எதையாவது பார்த்துப் பயந்துகொண்டு நிற்பது என் பிறவிக் குணம். "இது ஒண்ணு, பல்பை விட அதிகமா நடுங்குது" என்பாள் அம்மா.

அப்பா ஃபாக்டரியில் கிரேன் ஆபரேட்டர். ஷெட்டின் கூரைக்குக் கீழே ஒரு கூண்டில் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைத் தூக்கி நகர்த்துவார். தரையில் நிற்பவர் கை காட்டுவார், விசில் ஊதுவார். கை மறைந்துபோகிற இடங்களில் விசில்தான் எல்லாம். எங்கள் எதிர்வீட்டு மாமாவும் கிரேன்தான். அதற்கு முந்தின வருஷம் மெடிக்கல் செக்கப்பில் காது சரியில்லை என்று அவரை 'கீழே இறக்கிட்டாங்க'. ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணும் வேலை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் அதுவரை ஊருக்கே கேட்கிற மாதிரி சிரித்த மனுஷர், பிறகு கேட் திறக்கும் சத்தம்கூட வராமல் வீட்டுக்குள் போய்விடுவார்.

உப்பிப்போயிருந்த ஒரு கண்டென்சரைக் கழற்றி, மெயின்கார்டு கேட் பக்கத்துக் கடையில் அதே மாதிரி ஒன்று தேடி வாங்கி வந்து, அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈயத்தால் பற்ற வைத்தார். பல்பு மங்கியது. டேப் ரெக்கார்டரை மாட்டி, கல்யாணக் கச்சேரி கேசட் ஒன்றைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"லெஃப்ட்ல இன்னும் வரலையே" என்றார். கழற்றி என்னிடம் நீட்டினார். "நீ கேட்டுச் சொல்லு பாப்பா."

மாட்டினேன். வலது காதில் நாதஸ்வரம். இடது காதில் தவில், பக்கத்தில் உட்கார்ந்து அடிப்பது போல அத்தனை சுத்தமாக. மெஷின் சரியாகிவிட்டது. அம்மா அப்பாவை இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டுச் சலித்துக்கொள்வதும், அப்பா யார் பேசினாலும் முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக் கேட்பதும் எனக்கு அப்போது சேர்ந்தாற்போல் ஞாபகம் வந்தன. எதிர்வீட்டு மாமா சத்தமில்லாமல் கேட்டைத் திறப்பதும் கூடவே வந்தது.

"லெஃப்ட்ல வரலைப்பா" என்றேன்.

"அதானே" என்று சொல்லி, அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், நன்றாக இருந்த பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் வரலை என்றேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், காது மட்டும் ஃபாக்டரிப் பக்கம் இருக்கும். எங்காவது ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவேன். பத்தாவதோடு என் படிப்பு நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆரம்பம் இதுதான்.

ஒரு சாயங்காலம் அப்பா ஹெட்போனைக் கழற்றி, இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டார். ஊமை என்று நினைத்த பக்கம் இப்போது அவர் வலது காதில் பாடியிருக்கும். பிறகு கரண்டை நிறுத்தி, மூடியைப் போட்டு, எல்லா ஸ்க்ரூவையும் ஒன்று விடாமல் முடுக்கினார். என்னைப் பார்க்காமல், "அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத" என்றார்.

மூன்று நாள்தான் என்னால் தாங்க முடிந்தது. நாலாம் நாள் அடுப்படியில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குழம்பைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்டி. ரெண்டு வருஷமா நான் அந்தப் பக்கம் படுக்கறதில்ல. இந்தப் பக்கம் படுத்தாத்தான் நான் பேசறது அவருக்குக் கேக்கும்."

அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது, அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொன்னாள்: "ஏங்க, போதும், இறங்கிடுங்க. கீழ நிக்கறவனும் ஒருத்தி புருஷன்தான்."

அப்பா ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே, "ம்" என்றார். மறுநாள் காது சரியில்லை என்று தானே எழுதிக்கொடுத்தார். டூல் ரூமில் போட்டார்கள். யாரும் அழவில்லை. எதிர்வீட்டு மாமா வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, "அங்க ஃபேன் காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் கதவு ஜன்னலையெல்லாம் கழற்றிவிட்டார்கள், உள்ளே வேப்பங்கன்று முளைத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை வீடு காலி செய்தபோது நாங்களும் வாசலில் வைத்தோம், யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியாது. அப்பா இப்போது ஸ்ரீரங்கத்தில் என்னோடு இருக்கிறார். இரண்டு காதும் போய்விட்டது. எதுவானாலும் செல்போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டவேண்டும்.

போன வாரம் அடித்தேன். அன்றைக்கு எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது, பொய் சொன்னேன், என்று. பயத்தில் இரண்டு தடவை அழித்துவிட்டு மூன்றாம் தடவை காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஹெட்போனைத் திருப்பிப் பாக்கணும்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சும்மா" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "நீ வரலைன்னு சொன்னியா, சரின்னு விட்டுட்டேன். இன்னும் ஒரு மாசம் மேல, கூண்டுல இருந்தேன்."