கீழ்வீட்டுக் கூரையில் இருந்த கறை

சபையில் சாட்சி சொல்ல நான் ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முக்கியமாக, அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக் கூட்டத்துக்கு வந்து, ஒன்றும் தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போன உங்களிடம்.

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை என் வீட்டில் தீப்பிடித்தது.

லத்தா பேட்டையில் எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி என்னுடையது. அதற்கு மேல் துத்தநாகத் தகட்டுக் கூரைதான். முன்னால் தெருவைப் பார்த்த கூடம், கடைசியில் சமையலறை. என் கணவர் சாமுவேல் போன பிறகு நான் ஒருத்திதான் அங்கே இருக்கிறேன். மகள் ரூத் மலேசியாவில். நான் லைங் தாயாவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்த துணிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். கறையோ, கோணல் தையலோ இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடுவதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

அன்று மதியம் முழுதும் மின்சாரம் இல்லை. மாலையில் வந்தது. தெருவில் எல்லாரும் வழக்கம்போலச் சந்தோஷத்தில் கத்தினார்கள். நான் கூடத்தில் துணி தேய்க்க உட்கார்ந்தேன். சமையலறையில் பட்டென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று பாட்டரி வைத்திருந்த பலகையிலிருந்து தீ எழும்பிக் கூரையின் மரச்சட்டத்தைப் பிடித்துவிட்டது.

நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே மேலே ஓடி வந்தது. திருவிழாவுக்காகக் கீழே பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள். மறுநாள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்ற வைத்திருந்த தண்ணீரைப் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றி என் சமையலறையில் ஊற்றினார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது தீ அணைந்திருந்தது. அவர்கள் சிறிய தீ என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஓர் உயிருக்கும் சேதமில்லை. அதற்கே நான் ஆயுசு முழுக்க ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்.

ஆனால் சமையலறை போய்விட்டது. சுவர் கரி. கூரையில் ஓட்டை. அலமாரி, பாத்திரம், சாமுவேல் தன் கையால் அடித்த பலகை எல்லாம் கரி.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. சாமுவேல் எடுத்தது. அவருக்குப் பின் நானும் விடாமல் கட்டி வந்தேன். உடனே போனில் சொன்னேன். நாளையிலிருந்து திருவிழா விடுமுறை, முடிந்ததும் ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். அந்தச் சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என் முறை. என் வீட்டை யாரும் அந்தக் கோலத்தில் பார்ப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. கரிப்பிடித்த மரத்தையும் தகட்டையும் பழைய சாமான்காரருக்கு ஏற்றிவிட்டேன். தரையைத் தேய்த்தேன். கூரைக்குத் தார்ப்பாய் கட்டினேன். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் திருவிழாவில். நானே ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு வெள்ளை அடித்தேன், ஒரு கை, இரண்டு கை, மூன்று கை. கருப்பு தெரியாமல் போகும்வரை.

நீங்கள் வந்தீர்கள். நடுவில் திரை போட்டிருந்தேன். "புதுப் பெயிண்டா சிஸ்டர்?" என்று யாரோ கேட்டீர்கள். ஆமாம் என்றேன். டீயைக் கடையிலிருந்து வாங்கி வந்து, கூடத்தில் இருந்ததால் தப்பிய என் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தேன். ஜெபக் குறிப்பு கேட்டபோது எனக்கு ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் போன பிறகு பன்னிரண்டு கோப்பைகளையும் குளியலறைக் குழாயில் கழுவினேன். கழுவும்போது அழுதேன்.

விடுமுறை முடிந்து கம்பெனி ஆள் வந்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். எரிந்தது எங்கே என்று கேட்டார். பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவர் கெட்டவர் அல்ல. அவரும் என்னைப்போலச் சரிபார்க்கிறவர்தானே. கண்ணுக்குத் தெரியாததை எப்படி எழுதுவார்?

சில வாரங்களில் கடிதம் வந்தது. சேதத்தைப் பார்வையிடும் முன் அப்புறப்படுத்தியதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

த்வாண்டேயில் இருக்கும் என் தம்பி பாலுக்குப் போன் செய்தேன். அவனுக்கு என்மேல் பாசம் உண்டு. பேச்சு மட்டும் கத்திபோல இருக்கும். "அந்த வீட்டை வந்த விலைக்குத் தள்ளிட்டு இங்க வா. ஒத்தப் பொம்பளைக்கு நாலாவது மாடி எதுக்கு? யாரு வந்து பாக்குறா உன்ன?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். மழை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். தார்ப்பாய் ஒரு பெரிய மழைக்குத் தாங்காது. கூரை போட என் கையிலிருந்தது போதாது. சாமுவேல் கடைசி மூச்சு விட்ட வீடு அது. அதைவிட்டு நான் எங்கே போவேன்?

தினமும் நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். அந்த வாரங்களில் எழுதியதைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை அடித்தது இருக்கிறது. திரை தைத்தது இருக்கிறது. தீ என்ற சொல்லே இல்லை. என் சொந்தக் காகிதத்திடம்கூட நான் சொல்லவில்லை.

ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, முழங்காலில் விழுந்து உரக்க ஜெபிப்பேன். "ஆண்டவரே, எனக்காகப் பேச ஒரு ஆளை அனுப்பும். என் வாயால் முடியவில்லை. ஒரே ஒரு ஆளை அனுப்பும்." ஒரு மாலை இப்படி ஜெபித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கரண்டுக் கணக்கு எடுக்கிறவராக இருக்கும், ஜெபத்தைப் பாதியில் விடக்கூடாது என்று கண்ணைத் திறக்காமலே இருந்தேன். கொஞ்ச நேரம் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

எங்கள் ஊரில் மாடிவீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து கயிறு தொங்கவிடுவது உங்களுக்குத் தெரியும். நுனியில் ஒரு கிளிப்பு. கீழே வியாபாரி சாமானை மாட்டி இழுத்தால் மேலே மணி அடிக்கும். சமையலறை இல்லாததால் காலையில் அவித்த பட்டாணிதான் என் சாப்பாடு. ஒரு ஞாயிறு காலை பட்டாணிப் பையை மேலே இழுக்கிறேன், நல்ல காற்று. பை ஒரு சுற்றுச் சுற்றி மூன்றாம் மாடிப் பால்கனியில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. சபைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் போனேன்.

மூன்றாம் மாடிக்குப் போன மழைக்காலத்தில் யாரோ குடிவந்திருந்தார்கள். வாசலில் எந்நேரமும் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கும். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மணி அடித்துவிட்டுக் காத்திருந்தபோது, சும்மா நிற்க முடியாமல் அந்தச் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிவைத்தேன்.

கதவு திறந்தது. நாற்பது வயதுப் பெண். தலையில் முக்காடு, கையில் என் பட்டாணிப் பை.

"மேல் வீட்டு அக்காதானே? வாங்க. கேஸ் வந்து மாட்டட்டும்னு போர்டு தொங்கவிட்டா, பட்டாணில்ல வந்து மாட்டுது" என்றாள். பிறகு கீழே பார்த்தாள். "அல்லா, யாரு என் செருப்பையெல்லாம் பட்டாளத்துல சேர்த்தது?"

அவள் பெயர் ஜைனப். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. தொழில் வக்கீல். என் பை மாட்டியது அவளுடைய பெயர்ப்பலகையில். என் பால்கனியிலிருந்து பார்த்தால் அதன் மேல்விளிம்பு மட்டும்தான் தெரியும். ஏதோ தகரம் என்று நினைத்திருந்தேன்.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காராமல் நன்றி சொல்லிக் கிளம்பப் பார்த்தேன். அப்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "ரெண்டு தடவ வந்து உங்க கதவத் தட்டினேன்க்கா. தீப்பிடிச்ச மறுநாள் ஒரு தடவ. அப்புறம் போன வாரம் ஒரு தடவ. உள்ள நீங்க யாரோடயோ பேசிக்கிட்டு இருந்தீங்க. அழுற மாதிரியும் இருந்துச்சு. ஆள் இருக்காங்க, தொந்தரவு வேணாம்னு வந்துட்டேன்."

அன்பானவர்களே, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன், என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். அவர் அனுப்பினார். அந்த ஆள் கதவைத் தட்டியபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று நான் சபைக்கு வரவில்லை. எல்லாவற்றையும் ஜைனப்பிடம் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். நாக்கு ஒட்டவில்லை.

அவள் கடிதத்தைப் படித்தாள். பாலிசியை வரிவரியாகப் படித்தாள். "சுத்தம் பண்ணது தப்புதான். ஆனா அதுக்காகத் தீயே பிடிக்கலேன்னு ஆயிடுமா? எரிஞ்சதுக்கு வேற அத்தாட்சி காட்டலாம்" என்றாள். என்ன அத்தாட்சி, எல்லாவற்றையும்தான் தேய்த்துவிட்டேனே என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைத் தன் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மேலே கை காட்டினாள்.

என் சமையலறைக்கு நேர் கீழே அவளுடைய சமையலறை. அதன் கூரை முழுவதும் ஒரே கறை. அன்று தெருக்காரர்கள் ஊற்றிய தண்ணீர் கரியைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கருப்பும் பழுப்புமாக, தண்ணீர்க் குழாய் வழியே சுவரிலும் கோடு கோடாக. வாரக்கணக்கில் அது அப்படியே கிடந்தது. நானாக இருந்தால் அன்றைக்கே ஏணி போட்டிருப்பேன்.

"அடிக்கணும் அடிக்கணும்னு சொல்லி அம்மா தினம் திட்டுறாங்க. சோம்பேறித்தனம்க்கா. யாபாடே, பரவால்ல. இப்ப அதுவே நமக்குச் சாட்சி சொல்லும்."

பிறகு மேலே வந்து என் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, இத சுரண்டணுமே" என்றாள். மூன்று கை அடித்த சுவர். நானே போய்க் கத்தியை எடுத்து வந்து கொடுத்தேன்.

அவள் சுரண்டவில்லை. கம்பெனி ஆள் முன்னால்தான் சுரண்ட வேண்டும் என்றாள். கம்பெனிக்கு நீண்ட கடிதம் எழுதினாள்: அன்றே போனில் தெரிவித்தது, விடுமுறையால் அவர்கள் வரத் தாமதமானது, கீழ்வீட்டுக்கு ஏற்பட்ட சேதம், மறுபடி பார்வையிட வேண்டும், மறுத்தால் மேலிடத்தில் முறையிடுவோம். பின்சந்தில் நின்று தீயைக் கைபேசியில் படம் எடுத்தவர்களைத் தேடி வீடு வீடாகப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருடம் ஒரே சந்தில் இருந்தும் நான் ஏறாத படிகள். அன்று வாளி கைமாற்றியவர்களுக்கு நான் நன்றிகூடச் சொல்லியிருக்கவில்லை. போன வீட்டிலெல்லாம் சொன்னேன்.

அதே ஆள்தான் மறுபடி வந்தார். முதலில் ஜைனப் வீட்டுக் கூரையைக் காட்டினோம். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு என் வீட்டில் அவரே கத்தியை வாங்கிச் சுவரைச் சுரண்டினார். வெள்ளை உதிர்ந்தது. உள்ளே கரி. வேறு இடத்தில் சுரண்டினார். அங்கும் கரி. கூரைச் சட்டம் சுவரில் சொருகியிருந்த குழியில் கைவிட்டுப் பார்த்தார், விரல் கருப்பாக வந்தது. அவர் என்னைப் பார்த்து, இவ்வளவு நன்றாக வெள்ளை அடிக்கிறவர் யார் என்று பர்மியத்தில் கேட்டார். நான்தான் என்றேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

கோரிக்கை ஏற்கப்பட்டது. முழுவதும் அல்ல. நான் தூக்கிப்போட்ட சாமான்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நஷ்டம் என் கையால் வந்தது. ஆனால் கூரைக்கும் சுவருக்கும் கிடைத்தது. முதல் பெரிய மழை கொட்டிய இரவில் புதுத் தகட்டில் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். தம்பி பாலுக்குப் போன் செய்து, வீட்டை விற்கவில்லை என்றேன். "வந்து ஒரு வாரம் இருக்கட்டுமா?" என்று கேட்டான். வா என்றேன்.

அடுத்த கூட்டத்தில், அந்தச் சனிக்கிழமை வந்திருந்த கிரேஸம்மாவிடம் மட்டும் இதைச் சொன்னேன். "அன்னைக்கு அது கடை டீன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் லில்லி. திரைக்குப் பின்னால கரி வாடை. கேட்டா நீ கூனிக்குறுகிப் போயிடுவேன்னு கேக்கலே. ஆனா வீட்டுக்குப் போய் உனக்காக ஜெபிச்சோம்" என்றார்கள். அப்படியானால் திரைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும், ஒரே காரியத்துக்காகத் தனித்தனியே ஜெபித்திருக்கிறோம்.

ஜைனப் வீட்டுக் கூரையில் கறை இன்னும் இருக்கிறது. நான் அடித்துத் தருகிறேன் என்றேன். பார்க்கலாம்க்கா என்கிறாள். ஞாயிறு சபை முடிந்து வரும்போது அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அண்ணாந்து பார்க்கிறேன். என் வாழ்நாளில் தேய்க்க எனக்குக் கை பரபரக்காத ஒரே கறை அது.

இன்னும் நான் தனியாகத்தான் இருக்கிறேன். மாலையில் படியேறி வந்து கதவைத் திறக்கும்போது வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. இன்றும் உரக்கத்தான் ஜெபிக்கிறேன். ஆனால் மரக்கதவைச் சாத்துவதில்லை. இரும்புக் கிராதியை மட்டும் இழுத்துவிடுகிறேன்.

நெருக்கத்தில் இருக்கிற சகோதரனே, சகோதரியே, ஜெபம் பண்ணுங்கள். அவர் கேட்கிறார். ஜெபத்தின் நடுவில் கதவில் சத்தம் கேட்டால், ஆமென் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்துபோய்த் திறங்கள்.